பிரிக்காத கட்டு

“பழைய நோட்டு ஒண்ணு அஞ்சாயிரம் யூரோ போகுதுன்னு டிவியில சொன்னாங்க. என்கிட்ட நூறு இருக்கு. மொத்தம் எவ்வளவு தேறும்னு சொல்லு தம்பி,” என்றபடி பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார் எண்பது வயது மூதாட்டி டிம்ப்னா.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு அயர்லாந்தின் ராஸ்காமன் ஊர்ப் பங்கு மண்டபத்தில் பழைய நாணயங்களுக்கும் நோட்டுகளுக்கும் இலவச மதிப்பீடு. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற விவசாயி, கோழிப் படம் போட்ட பழைய பென்னிக் காசுகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார். “எடைக்குப் போட்டாதான் காசு” என்ற பதிலைக் கேட்டுவிட்டு, வாளியை இழுத்துக்கொண்டு முனகியபடி போனார்.

மதிப்பிட டப்ளினிலிருந்து வந்திருந்த டெர்மட்டுக்கு அறுபதைத் தாண்டிய வயது. டின்னைத் திறக்காமலே சிரித்தார்.

“அந்த விலைக்குப் போறதெல்லாம் உழவன் படம் போட்ட ரொம்பப் பழைய நோட்டும்மா. இது யார் சேர்த்தது?”

“எங்க வீட்டுக்காரர். போன மார்ச்சுல போயிட்டார். துணி காயவைக்கிற அலமாரியில, உள்ளே இருக்கற வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால இருந்துச்சு. திறந்து பாத்ததும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.” டிம்ப்னா குரலைத் தாழ்த்தினார். “முதல் வருஷப் பூசைக்குள்ள அவருக்குக் கல்லறைக் கல் வைக்கணும். ‘நேர்மை தவறாதவர்’னு தங்க எழுத்துல போடணும். கல்காரன் அஞ்சாயிரம் கேக்கறான். எழுத்துக்கு எழுத்து காசாம், பாவி!”

டெர்மட் டின்னைத் திறந்தார். எல்லாம் யூரோ வருவதற்கு முன்பு புழங்கிய ஐரிஷ் இருபது பவுண்டு நோட்டுகள். நூறும் ஒரே கட்டு. கட்டின் நடுவில், வங்கியில் சுற்றிய காகிதப் பட்டை கிழியாமல் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தவர் பேயறைந்தவர் போலானார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

டிம்ப்னா மாட்டு வியாபாரியின் மகள். வாங்குகிறவன் முகம் மாறினால் பொருளுக்கு மவுசு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“என்ன, அவ்வளவு உசத்தியா?”

“நோட்டு சாதாரணம்தான். மத்திய வங்கியில குடுத்தா இன்னிக்கும் மாத்தித் தருவாங்க. ரெண்டாயிரத்து ஐநூறு யூரோ வரும்.” அவர் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்க வீட்டுக்காரர் பேரு?”

“ஜார்லத் கார்ம்லி. வங்கி மேனேஜர். இந்தப் பக்கத்துல யாரை வேணாலும் கேட்டுப் பாரு. மக கல்யாணத்துக்குக் கடன் வாங்கினாரே தவிர, இந்தக் கட்டுல ஒரு நோட்டை உருவலை. எனக்கே தெரியாம காப்பாத்தி வெச்சிருக்கார். சேமிப்புன்னா அது!”

டெர்மட் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“இதை நானே வாங்கிக்கறேம்மா. கட்டைப் பிரிக்காம, இந்தப் பட்டையோட.”

“பட்டை எதுக்கு? வெறும் காகிதம்தானே?”

“எனக்கு வேண்டியது அதுதான்.”

ஆஹா, அப்படியா சங்கதி! இந்த டப்ளின்காரர்களுக்கு எதெதுக்கோ கிறுக்கு உண்டு என்று டிம்ப்னா கேள்விப்பட்டதுதான். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மூவாயிரம்.”

“சரி.”

டிம்ப்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரம் பேசாத வியாபாரியை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“நான் சொன்னது பட்டை இல்லாம. பட்டையோடன்னா நாலாயிரம்!”

“சரிம்மா.”

வருவது வரட்டும் என்று டிம்ப்னா கேட்டுவிட்டார்.

“அஞ்சாயிரம். ஒரு சென்ட் குறையாது.”

டெர்மட் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தவர், எழுதாமல் நிறுத்தினார்.

“அம்மா, நல்லா யோசிச்சுக்குங்க. பின்னால வருத்தப்படக் கூடாது. வேணாம்னா இப்பவே டின்னை மூடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! டிம்ப்னாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“இந்த வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். சரின்னு சொன்னியா இல்லையா? எழுது!”

டெர்மட் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார். காசோலையை வாங்கிய டிம்ப்னா, அப்பா சந்தையில் பேரத்தை முடிக்கும்போது செய்கிற மாதிரியே உள்ளங்கையில் எச்சில் தொட்டு அவர் கையில் பளாரென்று அடித்தார். பைக்குள் துழாவி ஒரு இருபது யூரோ நோட்டை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“இந்தா, அதிர்ஷ்டக் காசு. வித்தவ வாங்கினவனுக்குத் திருப்பிக் குடுத்துட்டா பேரம் முடிஞ்சுது. இனிமே நீ மாத்திப் பேச முடியாது.”

“நீங்களும்தாம்மா,” என்றார் டெர்மட்.

டிம்ப்னா எழுந்தார். இரண்டு அடி வைத்தவருக்கு ஆவல் அடங்கவில்லை. திரும்பி வந்து மேசைமேல் குனிந்தார்.

“இப்பவாவது சொல்லு. இன்னும் பத்தாயிரம் கேட்டிருக்கலாமோ? அந்தப் பட்டையில அப்படி என்னதான் இருக்கு?”

டெர்மட் கட்டை அவர் பக்கமாகத் திருப்பி, பட்டையில் மங்கிப்போயிருந்த ஊதா முத்திரையையும் அதன் கீழே இருந்த கிறுக்கலையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“தேதி இருக்கு. பணத்தை எண்ணிக் கட்டின கேஷியரோட கையெழுத்து இருக்கு. அது என்னோட கையெழுத்தும்மா. இந்தக் கட்டை நான் திருடிட்டேன்னு உங்க வீட்டுக்காரர் பைபிள்மேல கைவெச்சுச் சாட்சி சொல்லித்தான், ரெண்டு வருஷம் ஜெயில்ல இருந்தேன்.”