தோல் படிப்பு

தொண்ணூற்று மூன்றில் அமெரிக்காவிலிருந்து திரும்பினாள் எதிர்வீட்டு ஹுமேரா. வெயில் பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எப்படிக் குறைந்து தோலில் புற்றுநோய் வருகிறது என்பது அவள் ஆராய்ச்சி. கல்யாணமானாலும் அதை விடமாட்டேன் என்றாள். நான்கு மாப்பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

ஐந்தாவதாகத் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார் ரசாக் பாய். சொந்த மகள்களை எட்டாவதோடு நிறுத்திய புண்ணியவான்.

நல்ல காரியத்தில் புற்றுநோய்ப் பேச்சு எதற்கு என்று ஹுமேராவின் அத்தா சுருக்கிச் சொன்னார்: "வெயில்ல தோலு கெடாம இருக்க ஆராய்ச்சி பண்ணுதுங்க."

"அட, வேலைய உடவே கூடாதுங்க! எங்கூட்டு மாடில தனி ரூம்பே கட்டித் தாரேன்."

வேடிக்கை பார்க்கப் போன எனக்கே கண் கலங்கிவிட்டது.

பாய் ஹுமேராவிடம் குனிந்தார். "உக்கடத்துல நம்ம மண்டில காயப்போடற தோலு பூராவும் வெயில்ல வீணாப்போகுது கண்ணு. நீ பாக்கறது ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?"

"மனுசத் தோலுங்க மாமா."

பாய் கிளம்பிய வேகத்தில் என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய தோல் செருப்பு எனக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.