மறைக்க மறந்த சின்னம்

“ஆன்டி, எனக்குத் தம்பியோட அட்ரஸ் வேணும்.”

கேட்கவே கூடாது என்றிருந்ததைக் கேட்டுவிட்டு, கிள்ளான் குழந்தைகள் இல்லத்தின் அலுவலக அறையில் லோஷினி நிற்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. சரோஜா ஆன்டி கைப்பேசியை நீட்டுகிறார். “வளர்க்கிறவங்க அனுப்புன போட்டோ. நல்லாத்தான் இருக்கான்லா. நீ போய் நின்னா அழுவான், வேணாம்மா.” அவளிடமிருந்து பிரித்து அனுப்பிய இரண்டு வருடத்தில் தம்பி குகன் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறான். அவள் பிடித்து நடந்த இடது கை மட்டும் இன்னும் உடம்போடு ஒட்டாமல் விலகியிருக்கிறது. பின்னால் தெரியும் வீட்டு எண்ணை ஆன்டியின் கட்டைவிரல் மறைக்கிறது. வெள்ளைச் சட்டைப்பையில் தைத்த பள்ளிச் சின்னத்தை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை. அதில் சுங்கை பூலோ என்று ஊர்ப்பெயர் இருக்கிறது. “அழட்டும் ஆன்டி. நானும் அழுவேன்.” லோஷினி வெயிலில் இறங்கி, கொமுட்டர் ரயில் நிலையம் இருக்கும் பக்கம் நடக்கிறாள்.