படி தாண்டுமுன்

பதியுதீன் ஹாஜியாரை அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே விடுகிறார்கள் இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்த வாகனம் தில்லையடிச் சந்தில் நின்றதுமே தெரு கூடிவிட்டது. ஹஜ்ஜிலிருந்து வந்தவர் தன் வாசற்படி தாண்டும்வரை அவர் அல்லாஹ்விடம் கேட்கும் துஆவுக்கு மறுப்பில்லை என்பது ஊர் நம்பிக்கை. தாண்டிவிட்டால் அவரும் நாலு பேரைப் போல ஓர் ஆள்தான்.

ஆகவே களைத்து வந்த மனிதருக்கு ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருத்திக்கு மகளின் கலியாணம். ஒருவருக்குக் கட்டார் விசா. நுரைச்சோலையிலிருந்து வந்த மச்சானுக்கு வலையில் மீன் பட வேண்டும். ஹாஜியார் கை ஏந்தினார். கூட்டம் ஆமீன் சொன்னது.

வாசலில் மனைவி ஹவ்வா உம்மா பூரித்துப்போய் நின்றார். மகன் றிஸ்கான் வாப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

கடைசியாக ஸும்ரா வந்தாள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

அவளுடைய மகன் ஹுனைஸ் உப்பளத்தில் வேலை செய்தவன். விடியச் சுபஹு தொழுதுவிட்டுச் சைக்கிளில் போனவனைப் பாலாவி ரோட்டில் ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து படுக்கை. பேச்சும் போய்விட்டது. அடித்தது யாரென்று யாருக்கும் தெரியாது.

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் வீடு வீடாக மாப்புக் கேட்டுப் போன ஹாஜியார் அவளிடமும் போனார். தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவளும் பொறுத்தாள். கஃபாவை விட்டுப் பிரியுமுன் சுற்றிவரும் கடைசித் தவாபில் மகனின் வாய் திறக்கத் துஆக் கேளுங்கள் என்று மட்டும் அழுதாள்.

"கேட்டீங்களா ஹாஜியார்?"

"கேட்டேன்."

கேட்கவில்லை. அந்தத் தவாபில், குறைகளை மறைக்கிறவனே, என் மகன் செய்ததை மறைத்துவிடு என்றுதான் அவர் தேம்பித் தேம்பிக் கேட்டார். றிஸ்கானின் வேன் சிலாபத்தில் கைமாறிப் பல மாதமாகிறது. ஏன் விற்றான் என்பது ஹவ்வா உம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஸும்ரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இப்ப ஒண்டு கேளுங்க. என்ட புள்ளய இப்படி ஆக்கினவனும் இப்படியே கெடக்கணும். அவன்ட உம்மாவும் என்னப்போல மூத்திரத் துணி கழுவணும்."

ஹாஜியார் கையைக் கீழே விட்டார். மன்னிப்பதுதான் பெரிய நன்மை என்று என்னவோ முணுமுணுத்தார். அநியாயம் செய்யப்பட்டவளின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரையில்லை, கேளுங்கள் என்று கூட்டம் நெருக்கியது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வாசற்படி ஓர் எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. ஹவ்வா உம்மா அதில் நின்றார்.

கையை ஏந்தி, அரபியில் பொதுவாக எதையோ ஓதத் தொடங்கினார்.

"தமிழில கேளுங்க ஹாஜியார். எனக்கு வெளங்கணும்."

தமிழில் கேட்டார். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டார்.

தெரு ஆமீன் சொன்னது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று றிஸ்கானும் வாயசைத்தான். எல்லாரையும்விட உரத்த ஆமீன் வாசற்படியிலிருந்து வந்தது. பாவம் ஸும்ரா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹவ்வா உம்மா அதை மூன்று தரம் சொன்னார்.

ஸும்ரா கைகளை முகத்தில் தடவிக்கொண்டாள். கிட்ட வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"போன வெள்ளிக்கிழம ஹுனைஸ் வாயத் தொறந்துட்டான். றிஸ்கான் வேன நிப்பாட்டி, எறங்கி வந்து மொகத்தப் பாத்துட்டுத்தான் போனாண்டு சொன்னான். நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல, நீங்க வரட்டும் எண்டுதான் இருந்தன். இனி உள்ளுக்குப் போங்க."

அவள் போய்விட்டாள்.

ஹாஜியார் உள்ளே போகவில்லை. படி தாண்டவில்லையே, இன்னும் நேரமிருக்கிறதே என்று மறுபடி கையை ஏந்தினார். ஒரு சொல் வரவில்லை.

அடுத்த துஆ யாருக்கென்று தெரியாமலே, தெருவும் ஹவ்வா உம்மாவும் கை ஏந்தி ஆமீன் சொல்லக் காத்து நின்றார்கள்.