பின்சீட்

முதலில் அவிழ்த்தது பின்விளக்கைத்தான்.

சிவப்பு மூடிக்குள், பல்பு உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு இருந்தது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து வட்டமாக, அளவெடுத்து வெட்டியது. அவன் கைவேலை.

அந்தக் காலத்தில் பின்விளக்கு பல்பு மாதம் ஒன்று போகும். மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்து உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும். யோசித்து யோசித்து அடியில் இந்த ரப்பரை வைத்தான். அதன் பிறகு ஒரே பல்பு ஒரு வருடம் வந்தது.

எவனுக்கு வரும் இந்த மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அந்த மோட்டார் சைக்கிளுக்கு வயது நாற்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பழைய வண்டிகளின் ஊர்வலம். மாட்டுத்தீவனக் கடையைச் சாத்திவிட்டு மூன்று நாட்களாக வீட்டு வாசலில் இதே வேலையாக இருந்தான். வயரிங் முழுவதும் புதிது. சாவியைத் திருப்பினால் முன்விளக்கு எரிந்தது. ஹாரன் தெருவையே கூப்பிட்டது.

பின்பக்கத்து ஷாக் அப்சார்பர்கள்தான் மீதி. கையால் அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று கழற்றினான்.

துரு இல்லை.

ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு துண்டு இரும்புக் குழாய். இரண்டிலும்.

குழாய் இருந்தால் ஸ்பிரிங் அமுங்காது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. மூட்டை ஏற்றுகிறவர்கள் செய்கிற வேலை. கடை தொடங்கிய புதிதில், தவிட்டு மூட்டைகளை இந்த வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலத்தில், அவனே உட்கார்ந்து போட்டது.

இரண்டே வருடத்தில் மினி வேன் வாங்கியாயிற்று. மூட்டைகள் வேனுக்குப் போய்விட்டன.

குழாயை எடுக்க மறந்துவிட்டான்.

மூட்டை இருந்த இடத்தில் அவன் மனைவி உட்கார்ந்தாள். பதினாறு வருடம்.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுகிறவன் சீட்டுக்கு அடியில் தனியாக இரண்டு ஸ்பிரிங் உண்டு. பின்சீட் என்பது மட்கார்டின் மேல் முடுக்கிய ஒரு மெல்லிய மெத்தை, அவ்வளவுதான். அதில் அவன் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. சொந்த வண்டியில் எவன் பின்னால் உட்காருவான்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவனுக்கு அவள் முதுகும் தெரியவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் போங்க" என்பாள். சரியான பயந்தாங்கொள்ளி என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும்.

குழாயைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

போன மாதம் டாக்டர் அவளுடைய ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதுகுத்தண்டில் இரண்டு இடத்தில் ஜவ்வு தேய்ந்திருந்தது. கனமாக எதையாவது தூக்குவீர்களா, குலுங்குகிற வண்டியில் அதிகம் போவீர்களா என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் சொன்னது இவன்.

"அட, நீங்க வேற சார். ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறதுதான். அதான் உடம்பு போட்டுருச்சு."

அன்றிலிருந்து அவள் இரவில் சாப்பிடுவதில்லை. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காலையில் தெருவை ஆறு சுற்று நடக்கிறாள். எல்லாம் நானாக இழுத்துக்கொண்டதுதான் என்று மகளிடம் போனில் சொன்னதை இவன் பக்கத்து அறையிலிருந்து கேட்டான். நல்லவேளை, உணர்ந்துவிட்டாள் என்றுகூட நினைத்தான்.

பல்புக்கு ரப்பர் வைத்தவன்.

முகம் சுட்டது. தெருவில் யாரும் இல்லை. இருந்தும் தலை தானாகக் குனிந்தது. குழாய்களைச் சாக்குக்கு அடியில் தள்ளினான். பிறகு அதற்கும் வெட்கமாகி, வெளியே எடுத்து வைத்தான்.

மாலைக்குள் புது ஷாக்குகளை மாட்டி முடித்தான். உள்ளே போய், தெருமுனை வரைக்கும் ஒரு சுற்று போய்வரலாமா என்று கேட்டான். வண்டியில் போகும்போது குழாய் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அவள் வண்டியைப் பார்த்தாள். பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

பேச்சைத் தொடங்குவதற்குள் பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்துவிட்டது.

வேகம் குறைந்ததுமே அவள் கை அவன் தோளை அழுத்திப் பிடித்தது. வண்டியின் பின்பக்கம் லேசாயிற்று. ஒரு காலைக் கால்மிதியிலும் கையை அவன் தோளிலும் ஊன்றி, அவள் சீட்டிலிருந்து எழும்பியிருந்தாள்.

எத்தனையோ வருடமாக அறிந்த கை. அவன் அதைப் பயம் என்று நினைத்திருந்தான். சில நாட்கள் ஆசை என்றும்.

வண்டி ஏறி இறங்கியது. புது ஸ்பிரிங்குகள் மேட்டைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டன.

கை தோளை விடவில்லை. ஒருபக்கமாக உட்காருகிறவளுக்கு முன்னால் இருக்கும் சாலை தெரிவதில்லை.

"மேடு இன்னும் வரலீங்களா?" என்றாள்.

"தாண்டியாச்சு."

அவள் நம்பவில்லை. எழும்பியேதான் இருந்தாள்.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.