மாப்பிள்ளைக்கு ஒரு கடல்

“மேசை தெரியப்படாது, கலந்தர். நானும் மீனும் மட்டும்தான் படத்தில நிக்கோணும்.”

மீராசா புதுச் சாரமும் வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக மீன்தொட்டிக்கு முன்னால் விறைத்து நின்றார். கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கலந்தர் கமராவைத் தாழ்த்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“மேசையும் யன்னலும் கொஞ்சம் விழுந்தா நல்லம் காக்கா. பாக்கிற ஆக்களுக்கு வீடெண்டு விளங்கும்.”

“மேசைக்கு இன்னும் வார்னிஷ் அடிக்கல்ல. மாப்பிள்ள அந்தக் குறையைப் பாக்கவா? நான் செல்றதைச் செய்.”

எல்லாம் அந்த மாப்பிள்ளையால் வந்த பாடு. மீராசாவின் ஒரே மகள் றிபாவுக்குக் கத்தாரில் வேலை செய்யும் அக்கரைப்பற்றுப் பையன் ஒருவனைப் பேசி வந்திருந்தார்கள். தொழுகை தவறாதவன், பொய் புரட்டு அறியாதவன் என்று ஊரே நற்சாட்சி சொன்னது. ஏற்கெனவே பேசிய இடங்கள் கைநழுவிப் போனதில் அவர் மனைவி மைமூனா பாதியாகிப் போயிருந்தாள். இதுவும் தப்பினால் மகளின் பெயர் ஊர் வாயில் விழுந்துவிடும் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

மாப்பிள்ளையின் ராத்தா ஸைனம்பு பெண் கேட்டு வந்தபோது தம்பியின் படத்தைக் காட்டினாள். பையன் கோட் போட்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மூலைக்கு மூலை நீலத் தண்ணீர், பவளக் கற்கள், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட குட்டி மீன்கள். இவ்வளவு பெரிய தொட்டி வைத்து வளர்க்கிறவன் மீன் பைத்தியமாகத்தான் இருப்பான் என்று மீராசா முடிவு கட்டினார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் உலகம் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடுவார்களே.

ஊர் வழக்கப்படி, மகளுக்கென்று கட்டிக்கொண்டு தாங்களும் இருக்கிற வீட்டில்தான் மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிறான். ஸைனம்பு வந்த அன்று அந்த வீட்டு ஹோலுக்குப் பூச்சுக்கூட முடியவில்லை. வேலை முடிந்ததும் ஹோலை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். தம்பி பார்க்க வேண்டுமாம்.

ஹோல் முடிந்தது. மனிதர் அதோடு விட்டிருக்கலாம். கத்தாரில் மீனோடு வாழ்ந்தவன் தங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்து வெறும் சுவரைப் பார்த்து ஏங்கிப் போவானே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

தன்னுடைய ஹாட்வெயார் கடையிலேயே கண்ணாடி வெட்டி ஒட்டினார். முதல் தொட்டி ஒழுகி ஹோல் முழுக்க வெள்ளம். அடுத்தது நின்றது. பாலமுனை மீனவர்கள் தோணியில் போய், கலங்கல் இல்லாத கடல் தண்ணீரைக் கேன் கேனாக அள்ளி வந்தார்கள். பவளக் கற்களை எடுத்துத் தந்ததும் மீன்களைப் பிடித்துத் தந்ததும் அவர்களே. காற்றுப் பம்பு கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. அவசரப்பட்டு விட்ட மீன்கள் விடிவதற்குள் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீர் பழகட்டும் என்று வாரக்கணக்கில் பொறுத்த பிறகுதான் மீன் தாக்குப்பிடித்தது. கரண்ட் போகும்போதெல்லாம் மைமூனா சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கிற ஊரில், வீட்டுக்குள் கடல் கட்டுகிற மனிதரைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலந்தர் யன்னல்களைச் சாத்தி, பிளாஷ் அடிக்காமல், லைட்டைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்தான். கழுவி வந்த படத்தைப் பார்த்து மீராசாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடையில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. மாப்பிள்ளையின் படம் மாதிரியே அச்சாக இருந்தது. ஹோலைக் காணவில்லையே என்று மைமூனா மெல்ல இழுத்தாள். மீனைக் கண்டால் அவனுக்கு ஹோல் கண்ணில் படாது என்று அவள் வாயை அடைத்து, ‘இதுதான் எங்கட ஹோல்’ என்ற சேதியோடு படத்தை அக்கரைப்பற்றுக்கு அனுப்பி வைத்தார்.

நெடுநாளாகப் பதில் இல்லை. பிறகு ஒருநாள் ஸைனம்பு ஓட்டோவில் வந்து இறங்கினாள். வாசற்படி ஏறாமலே படத்தை மைமூனாவின் கையில் வைத்தாள்.

“கோவிச்சிக்காதீங்க மாமி. தம்பி வேணாமெண்டுட்டான். வேற இடத்தில வாக்கும் குடுத்தாச்சி.”

மைமூனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மீராசா படியிறங்கி வந்தார்.

“புள்ளையில ஏதும் குறையா மகள்?”

“புள்ள தங்கம் மாமா. பொய் செல்ற குடும்பத்தில முடிக்க அவனுக்கு மனமில்லயாம்.”

என்ன பொய் என்று மீராசா திரும்பத் திரும்பக் கேட்டார். அதை என் வாயால் சொல்ல வைக்காதீர்கள் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடம் தப்பினாலும் வீடு தேடி வந்தவளை வெறும் வாயோடு அனுப்ப மைமூனாவுக்கு மனம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

ஹோலுக்குள் கால் வைத்த ஸைனம்பு அப்படியே நின்றுவிட்டாள். பளபளக்கும் தரையைப் பார்த்தாள், வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியில் விரலை வைத்தாள். இரை என்று நினைத்து மீன்கள் விரலைத் தேடி வந்தன.

“இது மெய்யாவே உசிரோட இரிக்கிற மீனா மாமா?” அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. “தம்பிக்குப் பின்னால இரிந்தது கத்தார் ஸ்டூடியோவில தொங்கவிட்ட மீன் படம் கீறின சீல. அதே மாதிரிச் சீல கல்முனை ஸ்டூடியோவுக்கும் வந்திட்டு, வீட்டு வேல முடியாததால அதுக்கு முன்னால நிண்டு படமெடுத்து ஹோல் எண்டு ஏமாத்துறாங்க எண்டுதானே அவன் மத்த இடத்துக்கு ஓமெண்டவன்.”