கேபிளில் பறக்கும் விமானம்

“பிளேன் ரொம்பச் சின்னதா இருக்கு தம்பி. ஸ்கிரீன் முழுக்க வரணும். பச்சை வயல் மேல பறந்து வரணும், வயலு அப்படியே துபாய் பில்டிங்கா மாறணும்.”

நாகநாதன் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்ல, கிளாட்சன் கம்ப்யூட்டரில் விமானத்தைப் பெரிதாக்கினான்.

ஸ்டுடியோ வாசலில் நின்று சிங்கராயர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகநாதன் தஞ்சாவூரில் ஆபீஸ் போட்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். சிங்கராயரின் ஒரே மகன் ஜோசப்ராஜை ஸ்டோர்கீப்பர் வேலை என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான். போன இடத்தில் பையனைக் கட்டடச் சாரத்தில் ஏற்றிவிட்டார்கள். சாரம் சரிந்தது. பிள்ளை பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிளாட்சன் வேறு யாரோ இல்லை. ஜோசப்ராஜின் தாய்மாமன், சிங்கராயரின் மனைவி அக்னஸின் கூடப் பிறந்த தம்பி. கல்லறையில் மருமகனுக்கு மண் போட்ட கைதான் இப்போது அந்த ஏஜெண்டுக்கு விளம்பரம் ஜோடிக்கிறது.

காலையில் ஊர் டீக்கடை டிவியில், லோக்கல் கேபிளில், அந்த விளம்பரத்தைப் பார்த்தார் சிங்கராயர். வயல் வந்தது, விமானம் வந்தது, வானத்திலிருந்து நோட்டு நோட்டாகக் கொட்டியது. ‘கிராபிக்ஸ்: கிளாட்சன்’ என்று பெயரும் வந்தது. அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

“சைனிங் பத்தலை தம்பி,” என்றார் நாகநாதன். “ஓட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு, ஒரு பய போன் பண்ணலை. குறுவையும் போச்சு, பயலுவ சும்மாதானே கெடக்கானுவ? நம்பரை நல்லா டான்ஸ் ஆட விடு.”

கிளாட்சன் போன் நம்பருக்குத் தங்க நிறம் பூசிக் குதிக்க விட்டான். நாகநாதன் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

“கரெக்டா இருக்கு. சிடியை நீயே கேபிள்காரன்ட்ட குடுத்துடு. ஒரத்தநாட்டுப் பக்கம் மட்டும் ஓடட்டும். டவுன்ல வேணாம், டவுன்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான்.”

வெளியே வந்தவர் சிங்கராயரைப் பார்த்துச் சிரித்தார். அடையாளம் தெரியவில்லை.

“என்ன பெரியவரே, பையனை அனுப்பணுமா?”

“அனுப்பிட்டேங்க,” என்றார் சிங்கராயர்.

“நல்லாயிருக்கான்ல?” என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவரிடம் காட்ட முடியாத ஆத்திரமெல்லாம் கிளாட்சன் மேல் திரும்பியது.

“ஏன்டா, உனக்கு வேற எங்கயும் கஞ்சி கிடைக்கலையா?”

“உக்காருங்க அத்தான்.”

“உக்காரவா வந்தேன்? அந்தாளு கொன்னது ஒரு பிள்ளையைத்தான். நீ பிளேன் வுட்டு, ஜிகினா ஒட்டி, ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் சேத்து அனுப்பப் பாக்குற!”

கிளாட்சன் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“அங்க உங்கக்கா கிறுக்குப் புடிச்சவ மாதிரி ஆயிட்டா. போன மாசம் நீ ஒரு செல்போன் வாங்கிக் குடுத்தியே, அதைத் தூக்கிக்கிட்டு கொல்லைக்குப் போயிடுறா. யார்கிட்டயோ பேசுறா, அழறா. கேட்டா சொல்ல மாட்டேங்குறா. அவளைப் பத்தி ஒரு நிமிஷம் நெனைச்சியா?”

“அத்தான்…” கிளாட்சன் தயங்கினான். “அக்கா போன்ல சார்ஜ் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.”

பளாரென்று அறைந்துவிட்டார் சிங்கராயர்.

“இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. நான் செத்தாலும் வராதே!”

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளாமல் கிளாட்சன் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அந்த நம்பரில்தான் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. அடி வாங்கியும் கூலி வேலையை விட மனசு வரவில்லையே, சே, இவனும் ஒரு மனுஷனா என்று காறித் துப்பிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் செல்போன் அடித்தது. அக்னஸ் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். இன்றைக்காவது யாரென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிங்கராயர் கதவோரம் நின்றுகொண்டார்.

“ஆமாங்க,” என்றாள் அக்னஸ். “டிவி விளம்பரத்துல வர்ற நம்பர்தாங்க இது.”

சிங்கராயருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“வெளிநாட்டு வேலைதான். உங்க பையனுக்கா கேக்குறீங்க? என்ன வயசாவுது?” துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தாள். “ஏஜெண்டு இல்லைங்க. நான் ஒரு தாயிங்க. பணத்தைக் கட்டுறதுக்கு முந்தி, என் பிள்ளை எப்படி வந்தான்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. அவன் பேரு ஜோசப்ராஜ்…”

தினமும் எத்தனை பேரிடம் அவள் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறாளோ! சிங்கராயர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சின் நடுவே போன் ‘பீப்… பீப்’ என்று முனகியது.

சிங்கராயர் கிளாட்சனை அறைந்த அதே கையால், வீடு முழுக்கத் துழாவிச் சார்ஜரைத் தேட ஆரம்பித்தார்.