நாற்பத்தெட்டு அங்குலம்

2019ஆம் ஆண்டு, ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். கனடாவின் வின்னிப்பெக்கில் மைனஸ் இருபத்தொன்பது டிகிரி, காற்று இல்லை. கலைக்கூடத்தின் மூன்றாம் மாடிக்கு மேஸ்திரி போடன் ஏறி வந்தபோது, தச்சன் ஆர்லன் சுவரில் ஒரு சதுரத்தைத் தவறான இடத்தில் வரைந்துகொண்டிருந்தான்.

"யோவ், அது என்னய்யா?"

"சுவிட்சுக்கு, மேஸ்திரி."

"அவ்வளவு கீழயா? நாய் வந்து போடுமா?"

"குழந்தை ரூம் இது. குழந்தைக்கு எட்ட வேணாமா?"

"வரைபடத்துல நாப்பத்தெட்டு அங்குலம்னு போட்டிருக்கு. நீ முப்பதுல கோடு போடுற. கண்ணாடி வேணும்னா சொல்லு, என்னோடதத் தர்றேன்."

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு படுக்கையறை. மூன்று வயதில் இறந்துபோன தம் மகள் ஜூனியின் அறையை, அங்குலம் பிசகாமல் திரும்பக் கட்டித் தரும்படி நடீன் வீபே என்ற கலைஞர் கேட்டிருந்தார். நீலச் சுவர், சரிந்த கூரை, சுவிட்சுக்கு நேர் கீழே கவிழ்ந்து கிடக்கும் ஒரு முக்காலி. முக்காலி ஏன் கவிழ்ந்து கிடக்க வேண்டும் என்று வரைபடம் சொல்லவில்லை, போடனும் கேட்கவில்லை. ஆறு வாரம் ஊரார் பார்ப்பார்கள், பிறகு பிரித்துக் குப்பையில் கொட்ட வேண்டும். தற்காலிகத் தச்சுக்கு அதற்குமேல் ஆயுள் இல்லை.

ஆர்லனைத் தச்சர் சங்கம் இந்த ஒரு கண்காட்சிக்கென்று அனுப்பியிருந்தது. வேலை தெரிந்தவன்தான், அதில் போடனுக்கு ஐயமில்லை. முதல் நாள் வரைபடத்தின் சுருளைப் பிரிப்பதற்கு முன்பே, கதவுக்கான சட்டத்தை இடப்பக்கம் நிறுத்திவிட்டான். பிரித்துப் பார்த்தால் கதவு இடப்பக்கம்தான் இருந்தது.

"கனவுல வந்துச்சாக்கும்," என்று போடன் அன்று சிரித்தார்.

சுவிட்சை அப்படி விட முடியாது. கலைஞரின் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணியைக்கூட நகர்த்தக் கூடாது என்பது இந்தக் கூடத்தின் முதல் விதி.

"அவ்வளவு ஆசையா இருந்தா எழுதிக் குடு. அனுப்பி வைக்கிறேன்," என்றார், பேச்சை முடிப்பதற்காக.

ஆர்லன் உண்மையிலேயே எழுதிக் கொடுத்தான். 'காரணம்' என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: குழந்தை இருட்டில் முக்காலி தேட வேண்டியிருக்காது.

மற்றத் தச்சர்களுக்குப் பொழுது போயிற்று. "சுவிட்சுக்கு மனு போட்டவன இப்பதான் பாக்குறேன்," என்றான் ஒருவன். "பல்பு வேணும்னா மந்திரிக்கு எழுதுவான்போல," என்றான் இன்னொருவன். ஆர்லன் சுவிட்சு வர வேண்டிய அந்த ஒரு பலகையை மட்டும் அடிக்காமல் நிறுத்திவைத்தான்.

புதன்கிழமை மதியம் போடன் தம் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு அடைத்த நான்கு பெரோகிக் கொழுக்கட்டைகளை அவனுக்கு எடுத்து வைத்தார். அவை தொடப்படாமலே ஆறின.

"நாளைக்குத் திறப்பு. சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா நானே நாப்பத்தெட்டுல துளை போட்டு மூடிடுவேன். எதுக்குய்யா இந்தப் பிடிவாதம்?"

"ஒரு தடவையாவது சரியா இருக்கட்டுமேன்னுதான், மேஸ்திரி."

"ஆறு வாரத்துல உடைக்கப்போற சுவரு."

"தெரியும்."

மூன்று மணிக்குக் கலைஞரே வந்துவிட்டார். கையில் அந்தத் தாள் இருந்தது. காலணியிலிருந்து பனி உருகித் தரையில் வழிந்தது. போடன் தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க மேடம். ஒரு சுவிட்சுக்காக நீங்களே வரணுமா? சொல்லி அனுப்பியிருந்தாப் போதுமே. நம்ம ஆளு கொஞ்சம் பிடிவாதக்காரன், தப்பா எடுத்துக்காதீங்க."

நடீன் அவரைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்து, சுவரில் பென்சிலால் வரைந்திருந்த சதுரத்தின் முன் நின்றார். அதை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு தாளை ஆர்லனிடம் நீட்டினார்.

போடன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். 'அனுமதி இல்லை.' கீழே கையெழுத்து.

ஆர்லன் தாளை மடித்தான். "இங்கயாவது இறக்கி வச்சிடறேனே, நடீன்," என்றான்.

தம்மைப் போல் அவன் 'மேடம்' என்று சொல்லாதது போடனுக்கு உறைத்தது.

"நம்ம வீட்டுல அது மேலதான இருந்துச்சு," என்றார் நடீன். "ஞாயித்துக்கிழமை இறக்கித் தர்றேன், ஞாயித்துக்கிழமை இறக்கித் தர்றேன்னு நம்ம பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தியே."